அத்தானின் போத்தல்களும் என் 1.2 மில்லிமீற்றரும்

எங்கள் வீட்டில் யாரும் வைன் குடிப்பதில்லை. அம்மா கோயில், விரதம் என்று இருப்பவர். அப்பா இளவயதில் கள்ளோடு நிறுத்திக்கொண்டவர். எனக்கு ஒரு வாய் குடித்தாலே தலையிடிக்கும். ஆனால் உரும்பிராயில் எங்கள் விறாந்தை மேசையில் ஏழு வைன் போத்தல்கள் வரிசையாக நிற்கின்றன. எல்லாம் வெறும் போத்தல்கள்தான். போன வெள்ளிக்கிழமை மோதகம் கொண்டுவந்த பெரியம்மா அவற்றைப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். இந்தப் பதிவு பாதி அவருக்காக.

நான் லேபிள் வடிவமைப்பவள். மிளகாய்த்தூள், நல்லெண்ணெய், ஒடியல்மா, பனங்கட்டி என்று இந்தப் பக்கத்துச் சாமான்கள்தான் என் பிழைப்பு. அக்காவின் கணவர், என் அத்தான், ஜேர்மனியில் பிஃபால்ஸ் பகுதியில் ஒரு சின்னத் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்கிறார். கொடி வெட்டப் போனவர், இப்போது வைனைப் போத்தலில் அடைத்து லேபிள் ஒட்டி அனுப்புவது வரை அவர் பொறுப்பு. 2023 புரட்டாதியில் ஒரு நாள் வட்ஸ்அப்பில் கூப்பிட்டார்.

"மச்சாள், இங்க புதுச் சட்டம் ஒண்டு வருது. லேபிள் எல்லாம் மாத்த வேணும். இங்கத்தை ஆக்கள் கேக்கிற காசைக் கேட்டு முதலாளி தலையில கை வைச்சுக்கொண்டு இருக்கிறார். நீ செய்வியே?"

செய்வேன் என்றேன். மிளகாய்த்தூளுக்கு மூன்று மொழியில் எழுதிப் பழகியவளுக்கு இது என்ன பெரிய வேலை என்ற நினைப்பு.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் பிஸ்கட் பைக்கற்றில்கூட உள்ளே என்ன இருக்கிறது என்று எழுத வேண்டும். ஆனால் 1.2 வீதத்துக்கு மேல் மதுசாரம் உள்ள பானங்களுக்கு அந்தக் கட்டாயம் இருக்கவில்லை. 2021இல் வந்த 2117ஆம் இலக்க ஒழுங்குவிதி, வைனையும் வைனிலிருந்து செய்யும் வாசனைப் பானங்களையும் அந்த விலக்கிலிருந்து வெளியே இழுத்தது. 2023 டிசம்பர் 8இலிருந்து நடைமுறை. அதற்கு முன் உற்பத்தியான வைனை இருப்பு முடியும்வரை பழைய லேபிளோடு விற்கலாம். மற்றவற்றுக்கு உள்ளடக்கப் பட்டியலும் ஊட்டச்சத்து விபரமும் கட்டாயம். போத்தலில் இவ்வளவுக்கும் இடம் ஏது என்று கேட்டால் அதற்கும் ஒரு வழி விட்டிருக்கிறார்கள். இரண்டையும் இணையத்தில் ஒரு பக்கத்தில் போட்டு, போத்தலில் கியூஆர் கோட் வைக்கலாம்.

கேட்க லேசான விஷயம். மூலையில் ஒரு சின்னச் சதுரம், அவ்வளவுதானே?

அவ்வளவு இல்லை. கோட்டுக்குப் பின்னால் ஒளிக்கக் கூடாதவை சில உண்டு. ஒவ்வாமை தரக்கூடியவை போத்தலிலேயே இருக்க வேண்டும்; வைனில் அது பெரும்பாலும் கெடாமல் இருக்கப் போடும் சல்பைற்று, லீற்றருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால். 100 மில்லிலீற்றருக்கு எவ்வளவு சக்தி என்பதும் போத்தலில் இருக்க வேண்டும். இந்தச் சக்தி, கோட், மதுசார வீதம், எந்த வகை வைன், எந்த நாட்டு வைன், யார் அடைத்தது, எத்தனை மில்லிலீற்றர் எல்லாம் போத்தலைத் திருப்பாமல் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். சல்பைற்று வரியும் தொகுதி இலக்கமும் வேறு பக்கம் போகலாம். உருண்டைப் போத்தலில் ஒரே பார்வையில் தெரிகிற அகலம் எவ்வளவு என்று ஒரு நாள் அளந்து பாருங்கள். நான் அளந்தேன். அன்றைக்குத்தான் முதல் வெறும் போத்தல் வீட்டுக்கு வந்தது.

வைன்காரர்கள் இதற்குச் செய்யும் வேலை எனக்குப் பிடித்திருந்தது. சட்டம் கேட்கும் எல்லாவற்றையும் பின்பக்க லேபிளில் அடுக்கிவிடுவார்கள். படமும் பெயரும் உள்ள அழகான லேபிள் சட்டத்தின் கண்ணுக்கு வெறும் அலங்காரம். கடையில் அலங்காரத்தை முன்னுக்குத் திருப்பி வைப்பார்கள். ஆக என் முழு வேலையும் முதுகுப் பக்கத்தில்.

இனி அப்பா கதைக்கு வருகிறேன். அப்பா ரவுணில் ஓர் அச்சகத்தில் 31 வருடம் எழுத்துக் கோத்தவர். ஈய எழுத்துக் காலம். இன்றைக்கும் கண்ணாடியில் தெரிகிற தலைகீழ் எழுத்தை நம்மைவிட வேகமாக வாசிப்பார். நான் முதல் வரைவை 6 பொயின்ர் எழுத்தளவில் போட்டு, பிறின்ற் எடுத்து, பெருமையோடு கொண்டுபோய்க் காட்டினேன். சட்டம் சொல்லும் ஆகக் குறைந்த எழுத்தளவு 1.2 மில்லிமீற்றர் என்றும் சொன்னேன். அப்பா தன் லென்ஸையும் உருக்கு அடிமட்டத்தையும் எடுத்தார்.

"எந்த எழுத்தின்ர உயரம்?"

"சின்ன எக்ஸ் அப்பா."

"அப்ப இது காணாது."

சரியாகத்தான் சொன்னார். நான் பெரிய எழுத்தின் உயரத்தை மனதில் வைத்திருந்தேன். ஆங்கிலச் சின்ன 'எக்ஸ்' எழுத்தின் உயரம் ஒவ்வோர் எழுத்துருவிலும் வேறு. முதலாளிக்குப் பிடித்த பழங்கால மெல்லிய எழுத்துருவில் அது முழு அளவில் 0.42 பங்குதான். அதில் 1.2 மில்லிமீற்றர் எடுக்க 8 பொயின்ருக்கு மேல் போக வேண்டும். நான் கடைசியில் தெரிந்தெடுத்த எழுத்துருவில் 0.53 பங்கு, 6.5 பொயின்ர் போதும். ஒன்றரைப் பொயின்ர்தானே என்று நினைக்காதீர்கள். ஒன்பது வரி உள்ள லேபிளில் அது ஒரு கியூஆர் கோட்டுக்கான இடம். மதுசார வீதத்தின் இலக்கத்துக்கு வேறு கணக்கு: 75 சென்ரிலீற்றர் போத்தலில் 3 மில்லிமீற்றர் உயரம் வேண்டும். அப்பா அதையும் அளந்தார். அது சரியாக இருந்தது.

(தமிழில் 'எக்ஸ்' எது என்று நானும் அப்பாவும் அரை மணித்தியாலம் வாதாடினோம். நான் 'ப' என்றேன். அப்பா 'ட' என்றார். விசிறிகளையும் கால்களையும் என்ன செய்வது என்று முடிவாகவில்லை. நல்லவேளை, அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் தமிழ் லேபிள் தேவைப்படவில்லை.)

சக்திக் கணக்கை ஆய்வுகூடத் தாளை வைத்து நானே போட்டேன். ஒரு றீஸ்லிங் வைன், 12.5 வீதம். மதுசாரத்தின் அடர்த்தி 0.789, ஆகவே 100 மில்லிலீற்றரில் 9.86 கிராம் மதுசாரம். கிராமுக்கு 7 கிலோகலோரி, அது 69. மிச்சச் சீனி 0.6 கிராம், கிராமுக்கு 4. அமிலம் 0.65 கிராம், கிராமுக்கு 3. கிளிசரோல் 0.7 கிராம், கிராமுக்கு 2.4. எல்லாம் கூட்ட 75 கிலோகலோரி, 312 கிலோஜூல். குடிக்கிற சக்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மதுசாரம்தான் என்பதை அத்தானிடம் சொன்னேன். "முதலாளிட்டச் சொல்லாத" என்றார். லேபிளில் இதைச் சுருக்கமாக ஆங்கில 'ஈ' எழுத்தைப் போட்டுக் காட்டலாம். உணவுச் சேர்பொருள் இலக்கங்களும் அதே 'ஈ'யில் தொடங்குவதால் குழப்பம் நிச்சயம். 'ஈ 312' என்று ஏதோ மருந்து போட்டிருக்கிறார்கள் என்று நினைத்த ஒரு வாடிக்கையாளர் அங்கே உண்டாம்.

கியூஆர் கோட் 1994இல் ஜப்பானில் கார்ப் பாகங்களைக் கணக்கு வைக்கப் பிறந்தது. தொழிற்சாலைப் பெட்டியில் அதற்கு எவ்வளவு இடமும் கிடைக்கும். எனக்குக் கிடைத்தது 16 மில்லிமீற்றர். சுற்றிவர நாலு புள்ளி அகலத்துக்கு வெறும் இடம் விட வேண்டும், இல்லாவிட்டால் ஃபோன் தடுமாறும். அதைக் கழித்தால் கோட்டுக்கு 12 மில்லிமீற்றர். எங்கள் இணைய முகவரி 34 எழுத்து. சின்ன எழுத்தில் எழுதினால் சதுரத்தின் ஒரு பக்கத்துக்கு 29 புள்ளி உள்ள கோட் வேண்டும். முழுவதையும் பெரிய எழுத்தில் எழுதினால் 25 புள்ளிக்குள் அடங்கிவிடும், ஏனென்றால் பெரிய எழுத்துக்கும் இலக்கத்துக்கும் கோட்டுக்குள் சிக்கனமான தனி முறை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு புள்ளியும் கிட்டத்தட்ட அரை மில்லிமீற்றர் ஆயிற்று. இதைக் கண்டுபிடித்த இரவு நித்திரையே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். விடிய எழும்பி ஸ்கான் பண்ணினால் 'பக்கம் இல்லை' என்றது. தளத்தின் பெயர் எந்த எழுத்தில் இருந்தாலும் போகும். அதன் பிறகு வரும் பாதை அப்படி இல்லை. என் கோப்புறையின் பெயர் சின்ன எழுத்தில் கிடந்தது.

தங்க நிறத் தாளில் கோட் வைக்க முதலாளி ஆசைப்பட்டார். மினுங்கும் தாளில் ஃபோனுக்கு ஒன்றும் தெரியாது என்று வீடியோ எடுத்து அனுப்பினேன். ஐஸ் வாளியில் வைத்த போத்தல் வியர்க்குமே என்று எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிப் பார்த்ததும் உண்டு. அம்மா மோர்ச் சட்டிக்கு இடமில்லை என்று ஏசினார்.

உண்மையான பிழை விட்டது வேறு இடத்தில். முதல் கோட்டை ஓர் இலவசத் தளத்தில் செய்தேன். அதன் பெயர் வேண்டாம். அந்தக் கோட் நேரே எங்கள் பக்கத்துக்குப் போகாமல் அந்தத் தளத்தைச் சுற்றிக்கொண்டு போகும். எத்தனை பேர், எந்த ஊரில், என்ன ஃபோனில் ஸ்கான் பண்ணினார்கள் என்று எனக்கு அழகான வரைபடம் காட்டும். 300 போத்தலில் ஒட்டியாகிவிட்டது. மன்ஹைமில் இரண்டு பேர், ஸ்ருட்காட்டில் ஒருவர் என்று பார்த்துப் பார்த்து நானும் அத்தானும் சந்தோஷப்பட்டோம். உரும்பிராயில் வரைந்த சதுரத்தை மன்ஹைமில் ஒருவன் இரவுச் சாப்பாட்டுக்கு முன் தொட்டிருக்கிறான்! பிறகு ஒரு நாள் சட்டத்தை ஆறுதலாக வாசித்தபோதுதான் வயிற்றைப் பிசைந்தது. பாவனையாளரின் எந்தத் தரவையும் சேகரிக்கவோ பின்தொடரவோ கூடாது என்று அதில் எழுதியே இருக்கிறது. நாங்கள் ரசித்துக்கொண்டிருந்த அந்த வரைபடமே குற்றம். அதோடு இலவசக் காலம் முடிந்தால் கோட் செத்துவிடும் என்பதும் அந்தத் தளத்தின் அடியில் பொடி எழுத்தில் கிடந்தது. 1.2 மில்லிமீற்றர் நிச்சயமாக இல்லை.

அக்காவும் அத்தானும் இரண்டு பின்னேரம் இருந்து 300 போத்தலிலும் பழைய கோட்டின் மேல் புதிய கோட்டைக் கையால் ஒட்டினார்கள். அக்கா என்னோடு ஒரு கிழமை கதைக்கவில்லை.

அதன் பிறகு பக்கத்தை நானே எழுதினேன். குக்கி இல்லை, வருகிறவர்களை எண்ணும் எண்ணி இல்லை. எழுத்துருவைக்கூட வெளியிலிருந்து எடுக்கவில்லை. கூகுள் எழுத்துருவைக் கூகுளின் சேர்வரிலிருந்து எடுத்த ஒரு தளம், பார்வையாளரின் ஐபி முகவரியை அங்கே அனுப்பிவிட்டது என்று மூனிச் நீதிமன்றம் 2022இல் 100 யூரோ கட்டச் சொன்ன ஊர் அது. பக்கத்தில் விற்பனைப் பேச்சும் இருக்கக் கூடாது. முதலாளி தோட்டத்தின் படம், குடும்ப வரலாறு, 'கடைக்குச் செல்க' பொத்தான் எல்லாம் அனுப்பியிருந்தார். ஒவ்வொன்றாகக் கழற்றினேன். இணையத்தில் இவ்வளவு மௌனமான பக்கத்தை நான் பார்த்ததில்லை. எதையும் விற்காது, யாரையும் கேட்காது, நீங்கள் வந்ததும் அதற்குத் தெரியாது.

கோட்டுக்கு மேலே வட்டத்துக்குள் ஆங்கில 'ஐ' எழுத்தைப் போட்டால் போதும் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். நானும் அப்படித்தான் வரைந்திருந்தேன். சட்டம் தொடங்க இரண்டு கிழமை இருக்கையில், நவம்பர் 24ஆம் திகதி, 'உள்ளடக்கம்' என்ற சொல்லே இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஆணைக்குழு வழிகாட்டி வெளியிட்டது. ஏற்கெனவே அச்சடித்துவிட்டவர்கள் கொதித்தார்கள். பிறகு அவர்களுக்குச் சில மாதச் சலுகை கிடைத்தது. எங்கள் கோப்பு மாரி மழையில் இணைப்பு அறுந்து அச்சகத்துக்குப் போகாமல் கிடந்ததால் தப்பினோம். நான் கெட்டிக்காரி என்று அத்தான் முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். நான் மறுக்கவில்லை.

பட்டியலில் முதலாளிக்கு வலித்த சொல் ஒன்றுதான்: சீனி. குளிர் நாட்டில் பழம் போதிய அளவு இனிக்காத வருடம், புளிக்க விடும்போது சீனி சேர்ப்பார்கள். அங்கே சில தரங்களுக்கு அது சட்டப்படி சரி. சீனி புளித்து மதுசாரமாகிவிடும். ஆனாலும் சேர்த்தது சேர்த்ததுதான். பட்டியலில் திராட்சைக்கு அடுத்ததாக வரும். கீழே அட்டவணையில் சீனி 0.6 கிராம் என்றும் வரும். "நாலு தலைமுறையா இதை ஆரும் கேக்கேல்லையாம்" என்றார் அத்தான்.

அதே நேரம் தெளிய வைக்கப் போடும் பென்ரனைட் களிமண், புளிக்க வைக்கும் ஈஸ்ட் எல்லாம் பட்டியலில் வராது. அவை வேலை முடிந்ததும் போய்விடும் உதவிப் பொருட்கள் என்ற கணக்கு. முட்டை வெள்ளைக்கருவோ பாற்புரதமோ பாவித்து மிச்சம் இருந்தால் மட்டும் ஒவ்வாமைக்காகச் சொல்ல வேண்டும். இதை விளக்கும்போது அப்பா கேட்டார்: "அப்ப கருப்பணி முட்டிக்குப் பூசிற சுண்ணாம்பு?" கள்ளாகப் புளிக்காமல் இருக்கப் பூசுவது. குடிப்பதற்காக யாரும் சுண்ணாம்பு போடுவதில்லை. ஆனால் நாக்கில் தெரியும். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் யோசித்தோம்.

பக்கத்து வளவில் மாமாவின் திராட்சைப் பந்தல். இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பார்க்கிற அதே இஸ்ரேல் புளூ. வேலிக்கு மேலால் எங்கள் கதையைக் கேட்டுவிட்டு அவர் கேட்ட கேள்விதான் இன்னும் எனக்குள் கிடக்கிறது. "நாங்கள் அடிக்கிற மருந்து அதில வருமோ பிள்ளை?" வராது. எச்சம் உள்ளடக்கமாகாது. அவர் பூஞ்சணத்துக்கு அடிப்பது போர்டோக் கலவை, துருசும் சுண்ணாம்பும். பிரான்ஸின் போர்டோ வைன் தோட்டங்களில் 1880களில் பிறந்த மருந்து. உரும்பிராய்க்குப் போர்டோவிலிருந்து வந்து சேர்ந்தது வைன் இல்லை, அதுதான்.

இந்த வேலை தெரிந்தபின், பனங்கள்ளைப் போத்தலில் அடைத்து ஐரோப்பாவுக்கு அனுப்ப நினைக்கும் ஒருவர் என்னிடம் வந்தார். கியூஆர் கோட் எவ்வளவு முடியும் என்று கேட்டார். உங்களுக்கு அது கட்டாயமில்லை என்று அனுப்பிவிட்டேன். சட்டத்துக்குத் திராட்சையில் செய்தால்தான் வைன். கள்ளு இன்னும் அந்தப் பழைய விலக்குக்குள் இருக்கிறது. மதுசார வீதம், அளவு, இறக்குமதியாளர் விலாசம், சல்பைற்று போட்டிருந்தால் அது, இப்படியானவற்றை எழுதினால் சரி. ஒரு வேலை போயிற்று. அப்பா சிரித்தார். பனையோலைப் பிளாவில் குடித்த காலத்தில் பிளாவே லேபிள், சீவின ஆளின் பெயர்தான் உள்ளடக்கம் என்றார்.

எனக்கு இந்தக் கோட்டில் ஒரு மனக்குறை இருக்கிறது. 2016இலிருந்து எங்கள் சோடாப் போத்தல்களில் சீனிக்குச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை வட்டம் உண்டு. சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். அங்கே சீனி என்ற சொல்லைப் பார்க்க ஃபோன் வேண்டும், டேட்டா வேண்டும், பார்க்க வேண்டும் என்ற எண்ணமும் வேண்டும். நான் வரைந்த சதுரம் எவ்வளவு அழகாக இருந்தாலும், பாதிக்கு அது ஒரு கதவு, பாதிக்கு ஒரு திரை. பின்பக்கத்தில் இன்னும் இரண்டு வரிக்கு இடம் இருக்கிறது, பட்டியலை அங்கேயே எழுதிவிடலாம் என்று ஒரு வரைவு செய்து அனுப்பினேன். முதலாளி அழகாக நன்றி சொன்னார்.

இன்னொன்று எனக்குப் பழக இன்னும் நாள் எடுக்கும். மிளகாய்த்தூள் லேபிள் அச்சுக்குப் போனால் என் வேலை முடிந்தது. இது முடிவதில்லை. 2024 றீஸ்லிங்கை யாராவது நிலவறையில் வைத்து 2034இல் திறந்தால் அந்தப் பக்கமும் திறக்க வேண்டும். டொமைன் பணம் கட்டும் திகதி அடுப்படிக் கலண்டரில், அம்மாவின் பிரதோஷங்களுக்குப் பக்கத்தில், சிவப்பில் எழுதிக் கிடக்கிறது.

போன கிழமை ஏழாவது போத்தல் வந்தது, அத்தானின் சிநேகிதர் ஒருவரின் சூட்கேசில் சாரத்துக்குள் சுற்றி. அப்பா தன் ஃபோனால் ஸ்கான் பண்ணினார். முதல் தடவையே திறந்தது. அவருக்கு ஜேர்மன் ஒரு சொல் தெரியாது. ஆனாலும் லென்ஸை ஃபோன் திரைமேல் பிடித்து வரி வரியாகப் போனார்.

"இந்தத் தடிச்ச சொல்லு. கடைசி எழுத்து மெல்லிசாக் கிடக்கு."

சல்பைற்று. ஒவ்வாமைப் பொருளை மற்றவற்றிலிருந்து வேறுபடுத்திக் காட்ட வேண்டும், நான் தடித்த எழுத்தைப் பாவித்தேன். நான் கடைசி 'ஈ'யை விட்டிருக்கிறேன். நாலு மாதமாக அப்படியே இருந்திருக்கிறது. கணினியைத் திறந்து திருத்தி, ஒரு நிமிஷத்தில், திரும்பத் திறக்கச் சொன்னேன். அப்பா பார்த்தார். பிறகு போத்தலைத் தூக்கி, கோட்டைத் தடவி, அங்கே ஏதாவது மாறியிருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்தார்.